ஓவியத்தைப் போட்டோவாக எடுப்பவர்கள் முதலில் ஜன்னலைப் பார்க்கட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புகழ்பெற்ற ஓவியம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, வீட்டில் கைக்குக் கிடைக்கும் சாமான்களை வைத்து, அதே காட்சியைப் போட்டோவாக எடுக்கும் பழக்கம் கொரோனா ஊரடங்கின்போது உலகெங்கும் பரவியது. 2020 மார்ச்சில் நெதர்லாந்தில் தொடங்கிய ஓர் இன்ஸ்டாகிராம் பக்கம் அதற்கு வழிகாட்டியது. 'கலைக்கும் தனிமைப்படுத்தலுக்கும் நடுவே' என்று அதன் பெயருக்குப் பொருள். அதே மாதம் 25ஆம் தேதி லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் கெட்டி அருங்காட்சியகம் அதைச் சவாலாகவே அறிவித்தது. ஓர் ஓவியம், வீட்டிலிருந்து மூன்று பொருள், ஒரு போட்டோ. விதி அவ்வளவுதான். ஊரடங்கு போய்விட்டாலும் பழக்கம் போகவில்லை. பள்ளிகளிலும் குடியிருப்புகளிலும் இதைப் போட்டியாக வைக்கிறார்கள், பத்திரிகைகளும் வாசகர் படங்களை வெளியிடுகின்றன. இது வளர வேண்டிய பழக்கம் என்பதால்தான், அதில் திரும்பத் திரும்ப நேரும் பிழைகளையும் அவற்றுக்கான காரணங்களையும் எழுதுகிறோம்.

பெரும்பாலான படங்கள் கெடுவதற்குக் காரணம் ஒன்றே. எடுப்பவர்கள் பீரோவிலிருந்து தொடங்குகிறார்கள். எந்தப் புடவை, எந்த நகை, எந்தப் பாத்திரம் என்று தேடுவதிலேயே அரை நாள் போய்விடும். கடைசியில் ஹாலில் டியூப்லைட்டுக்குக் கீழே நிற்கவைத்து க்ளிக் செய்துவிடுவார்கள். ஆடை அச்சு அசலாக இருக்கும், படம் மட்டும் ஓவியத்தைப் போல இருக்காது. ஓவியத்தில் வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து, எவ்வளவு உயரத்திலிருந்து வருகிறது என்பதை முதலில் கண்டுபிடிக்க வேண்டும். மூக்கின் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது, கண்மணியில் வெள்ளைப் புள்ளி எங்கே இருக்கிறது என்று பார்த்தால் போதும். அது தெரிந்த பிறகு, வீட்டில் அந்த வெளிச்சம் வரும் ஜன்னலைத் தேடலாம். பீரோவைத் திறப்பது அதற்கப்புறம்.

இந்த வேலைக்கு ஸ்டுடியோ தேவையில்லை என்பதற்கு ஒரு முன்னோடியைச் சொல்லலாம். ஜூலியா மார்கரெட் கேமரன் 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர். இங்கிலாந்தின் வைட் தீவில் வசித்தபோது, 1863இல், 48ஆவது வயதில் கேமரா அவர் கைக்கு வந்தது. வீட்டின் கரி அறையை இருட்டறை ஆக்கினார், கண்ணாடி வேய்ந்த கோழிக்கூண்டை ஸ்டுடியோ ஆக்கினார். வீட்டுப் பணிப்பெண் மேரி ஹில்லியரை மேரி மாதாவாக உட்காரவைத்து, இத்தாலிய ஓவியர்களின் பாணியில் படமெடுத்தார். கணவருக்கு இலங்கையில் காபித் தோட்டங்கள் இருந்ததால் 1875இல் அங்கே குடிபெயர்ந்து, அங்கும் மக்களைப் படமெடுத்து, 1879இல் அங்கேயே மறைந்தார். அவருடைய கல்லறை பொகவந்தலாவையில் இருக்கிறது. ஒரு வீடு, வீட்டில் இருந்தவர்கள், ஒரு பக்கத்து வெளிச்சம் ஆகியவற்றை வைத்து அவர் எடுத்த படங்கள் இன்று உலகின் பெரிய அருங்காட்சியகங்களில் இருக்கின்றன.

இனிச் செய்முறைக்கு வருவோம். அதிகம் பேர் முயன்று அதிகம் பேர் தவறவிடும் ஓவியம், ஹாலந்து ஓவியர் யோஹான்னஸ் வெர்மியரின் 'முத்துத் தோடணிந்த பெண்'. சுமார் 1665இல் வரையப்பட்டது. தி ஹேக் நகரில் மவுரிட்ஷைஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உயரம் 44.5 செ.மீ., அகலம் 39 செ.மீ. தான். செல்போன் படம் இதைவிட ஒல்லியானது. ஆகவே எடுக்கும்போதே மேலும் கீழும் இடம் விட்டு எடுத்து, பிறகு எட்டுக்கு ஏழு என்ற அளவில் வெட்டிக்கொள்ள வேண்டும்.

அந்தப் பெண்ணின் உடல் படத்தின் இடப்பக்கம் பார்த்திருக்கிறது. முகத்தை மட்டும் இடது தோளுக்கு மேலாகத் திருப்பி நம்மைப் பார்க்கிறாள். வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து, சற்று மேலிருந்து, சற்று முன்னாலிருந்து வருகிறது. வீட்டில் இதைக் கொண்டுவர, ஜன்னல் கேமராவுக்கு இடப்பக்கம் இருக்கட்டும். உட்காருபவரை ஜன்னலுக்கு நேர் நடுவில் உட்காரவைக்காதீர்கள். கேமராவிலிருந்து பார்த்தால் ஜன்னலின் அந்தக் கோடி விளிம்பு எங்கே முடிகிறதோ, அதற்கு நேராக ஸ்டூலைப் போடுங்கள். சுவரிலிருந்து மூன்றடி தள்ளிப் போட வேண்டும். இப்படிச் செய்தால் ஜன்னல் முழுவதும் அவருக்கு முன்பக்கமாக இருக்கும், முகத்தின் பெரும்பகுதி வெளிச்சத்திலும் வலது ஓரம் மட்டும் நிழலிலும் வரும். பின்னால் கட்டும் துணி ஜன்னலைத் தாண்டிய இடத்தில் அமைவதால் தானாகவே இருண்டுவிடும். நடுவில் உட்காரவைத்தால் முகம் பாதி வெள்ளை பாதி கறுப்பாகப் பிளந்துபோகும். பின்துணியிலும் வெளிச்சம் விழுந்து சாம்பல் நிறமாகிவிடும்.

வெளிச்சம் மேலிருந்து வர வேண்டும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. நம் பழைய வீடுகளின் ஜன்னல்களில் மேலே இரண்டு, கீழே இரண்டு என நான்கு கதவுகள் இருக்கும். கீழ்க் கதவுகளைச் சாத்திவிட்டு மேல் கதவுகளைத் திறந்தால் போதும். புது மாதிரி ஜன்னலானால் கீழ் மூன்றில் ஒரு பங்கை அட்டையால் மறைக்கலாம். திறந்த பகுதிக்கு உள்பக்கமாக, கம்பியிலிருந்து ஒரு சாண் தள்ளி, வெள்ளை வேட்டியை ஒற்றையாகக் கட்டுங்கள். துணியைக் கம்பியோடு ஒட்டிக் கட்டினால் கம்பிகளின் நிழல் அதில் விழும். கட்டாமலே விட்டால் கண்மணியில் ஜன்னல் கம்பிகள் சிறைக்கம்பி போலத் தெரியும். ஒரு சாண் தள்ளிக் கட்டினால் கம்பிகள் மங்கிப்போய், வேட்டியே ஒரு பெரிய விளக்காகிவிடும். நேர் வெயில் விழாத ஜன்னலாக, வடக்குப் பார்த்ததாகக் கிடைத்தால் பகல் முழுதும் வேலை செய்யலாம். கிழக்கு ஜன்னலானால் மாலையும், மேற்கு ஜன்னலானால் காலையும் ஏற்றவை.

அறையில் உள்ள எல்லா விளக்குகளையும் அணைத்துவிட வேண்டும். பகல் வெளிச்சமும் டியூப்லைட்டும் வேறு வேறு நிறம். இரண்டும் கலந்தால் முகத்தின் ஒரு பக்கம் பச்சையடிக்கும், செயலியால் அதைச் சரிசெய்வது கடினம். சுவர் வண்ணமும் இதே வேலையைச் செய்யும். நம் வீடுகளில் ராமர் நீலமும் கிளிப்பச்சையும் சாதாரணம். அந்தச் சுவர் முகத்தின் நிழல் பக்கத்துக்கு நேரே இருந்தால் தாடையில் அதே நிறம் ஏறும். அந்தச் சுவரின் மேல் ஒரு கறுப்புப் போர்வையைப் போட்டு மறைத்துவிடுங்கள்.

பின்னணிக்குக் கறுப்புத் துணி வேண்டும். பாலியஸ்டர் பளபளக்கும், குடைத்துணி அதைவிட மோசம். பருத்தி அல்லது கம்பளி நல்லது. உட்காருபவருக்குப் பின்னால் நான்கடி தள்ளித் தொங்கவிடுங்கள். இதில் ஒரு செய்தி. 2018இல் இந்த ஓவியத்தைக் கருவிகளால் ஆராய்ந்து, 2020இல் முடிவுகளை வெளியிட்டார்கள். நாம் கறுப்பாகப் பார்க்கும் பின்னணி முதலில் பச்சைத் திரைச்சீலையாக இருந்தது என்று தெரிந்தது. கறுப்பின் மேல் பூசிய அவுரி நீலமும் மஞ்சளும் காலப்போக்கில் மங்கிவிட்டன. கண்ணுக்குத் தெரியாமல் போன மெல்லிய இமை முடிகளும் அப்போதுதான் தெரியவந்தன. ஆகவே கரும்பச்சைப் போர்வை ஒன்று வீட்டில் இருந்தால் அதைத் தயங்காமல் கட்டலாம். அது வெர்மியர் வரைந்த நாளின் படமாகும், கறுப்புத் துணி இன்றைய நிலையின் படமாகும்.

தலைக்கட்டுக்கு ஒரு நீலத் துப்பட்டா, ஒரு மஞ்சள் துண்டு. முடியை முழுக்கப் பின்னால் இழுத்துக் கட்டிவிட்டு, துப்பட்டாவை நான்கு விரல் அகலத்துக்கு மடித்து நெற்றியைச் சுற்றி இறுக்கமாகக் கட்டுங்கள். ஓவியத்தில் நெற்றியில் ஒரு முடிகூடத் தெரியாது. மஞ்சள் துணியை உச்சியில் செருகி, முதுகுப் பக்கம் தோள்வரை தொங்கவிட வேண்டும். வழுக்கும் சில்க் துணி நிற்காது, பருத்திதான் நிற்கும். ஊக்கு பின்பக்கம் இருக்கட்டும். மேலாடைக்கு மஞ்சளும் பழுப்பும் கலந்த ஒரு பழைய சட்டையைப் பின்முன்னாகப் போட்டுக்கொள்ளலாம். கழுத்தில் வெள்ளைக் கைக்குட்டையை மடித்து ஒரு விரல் அகலம் வெளியே தெரியும்படி வைக்க வேண்டும். இந்தக் கைக்குட்டையை விட்டுவிடாதீர்கள், முத்துக்கு அது தேவை.

ஓவியத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், முத்து என்று நாம் நினைப்பது இரண்டு தூரிகைத் தீற்றல்கள்தான். மேலே இடப்பக்கம் கெட்டியாக ஒரு வெள்ளைப் பொட்டு, அது ஜன்னல். கீழே மங்கலான பிறை போல ஒரு வெளுப்பு, அது வெள்ளைக் கழுத்துப்பட்டையின் பிம்பம். காதோடு மாட்டும் கொக்கிகூட வரையப்படவில்லை. ஆகவே நமக்கு வேண்டியது முத்து அல்ல. ஜன்னலையும் கைக்குட்டையையும் ஒரே நேரத்தில் காட்டும் குமிழ்ந்த பளபளப்பான பரப்புதான் வேண்டும். அதற்கு ஊறுகாய் ஜாடியில் போடும் சின்ன எவர்சில்வர் ஸ்பூனை மிஞ்சியது இல்லை. கைப்பிடியைக் காதுக்குப் பின்னால் தலைத்துணிக்குள் செருகி, ஸ்பூனின் முதுகுப் பக்கம் கேமராவைப் பார்க்கும்படி, காது மடலுக்குக் கீழே குழிப்பகுதி மட்டும் தெரியவிடுங்கள். கைரேகை படாமல் துடைத்திருக்க வேண்டும். மேலே ஜன்னல் ஒளி, கீழே கைக்குட்டையின் வெளுப்பு, இரண்டும் தானாக வந்து உட்காரும். உரித்த பூண்டுப் பல்லை வைப்பவர்கள் இருக்கிறார்கள். அதன் வடிவம் சரி, ஆனால் மினுப்பு வராது. ஸ்பூன் ஒரு கண்ணாடி என்பதால் படமெடுப்பவரும் அதில் தெரிவார். எடுப்பவர் கருநிறச் சட்டை போட்டுக்கொண்டால் அந்தத் தொல்லை இல்லை.

உதட்டிலும் உதட்டோரத்திலும் ஒரு துளி தேங்காய் எண்ணெய் தடவினால் ஓவியத்தில் உள்ள ஈரப் பளபளப்பு கிடைக்கும். வாய் ஓர் அரிசி அளவு திறந்திருக்கட்டும்.

செல்போனில் செல்ஃபி கேமராவைத் தொடவே கூடாது. அதற்கு இரண்டு காரணம். பல போன்களில் அது படத்தை இடவலமாகத் திருப்பிச் சேமிக்கும், தோடு மறு காதுக்குப் போய்விடும். இன்னொன்று, கை நீளத்தில் எடுப்பதால் மூக்கு பெருத்துக் காது சிறுத்துப்போகும். முகத்தின் அளவுப் பொருத்தம் தூரத்தைப் பொறுத்தது. ஐந்தாறு அடி தள்ளி நின்று, பின்கேமராவில் 2 எக்ஸ் வைத்து எடுத்தால் ஓவியத்தின் முகவாட்டம் வரும். கேமரா அவருடைய கண் மட்டத்தில் இருக்க வேண்டும். பியூட்டி, போர்ட்ரெய்ட் மோடு, எச்.டி.ஆர். மூன்றையும் அணைத்துவிடுங்கள். போர்ட்ரெய்ட் மோடு ஸ்பூனின் விளிம்பையும் தொங்கும் துணியையும் கரைத்துவிடும். எச்.டி.ஆர். நிழலை எல்லாம் வெளுக்கவைக்கும். அந்த நிழல் போனால் இந்த ஓவியத்தில் மிச்சமில்லை. கன்னத்தின் வெளிச்சப் பகுதியைத் திரையில் தொட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கீழே இழுத்து, நெற்றி வெளுக்காத அளவுக்குக் குறைத்துக்கொள்ளுங்கள்.

எடுத்து முடித்ததும் நிறத்தைப் பார்க்காதீர்கள். ஓவியத்தின் படத்தையும் உங்கள் படத்தையும் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். எது மிக வெளுப்பு, எது மிகக் கறுப்பு, நடுவில் என்ன என்பது இரண்டிலும் ஒத்திருக்கிறதா என்று கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். அது ஒத்துப்போனால் துணியின் நிறம் சற்று மாறியிருந்தாலும் பார்ப்பவர்கள் உடனே ஓவியத்தை அடையாளம் கண்டுகொள்வார்கள். அது ஒத்துப்போகாவிட்டால் அசல் பட்டே கட்டினாலும் பலனில்லை. ஒப்பிடுவதற்குக் கூகுளில் முதலில் வரும் படத்தை எடுக்க வேண்டாம், நிறம் ஆளுக்கொரு விதமாக இருக்கும். மவுரிட்ஷைஸ், ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகம், கெட்டி ஆகியவை தங்களிடம் உள்ள பழைய ஓவியங்களின் உயர்தரப் படங்களை இலவசமாகவே தருகின்றன.

பொருள்களைத் தேர்வதில் ஒரு விஷயம். ஓவியத்தில் உள்ள சாமானின் பெயரைத் தேடாமல் அதன் வடிவத்தைத் தேட வேண்டும். அமெரிக்க ஓவியர் கிராண்ட் வுட் 1930இல் வரைந்த 'அமெரிக்கன் காதிக்'கில் கிழவரின் கையில் மூன்று முள் கொண்ட வைக்கோல் கவை இருக்கிறது. அந்த மூன்று கோடு அவருடைய ஆடையின் தையலிலும் திரும்ப வருகிறது. ஆகவே அந்த இடத்தில் துடைப்பத்தைக் கொடுத்தால் படம் செத்துவிடும். மூன்று கிளையாகப் பிரிந்த ஒரு வேப்பங்குச்சி கொடுத்தால் நிற்கும்.

ஆள் இல்லாமல், சமையலறையிலேயே செய்யக்கூடிய ஓவியம் ஒன்று உண்டு. தொடங்குகிறவர்களுக்கு அதைத்தான் முதலில் சொல்வோம். ஸ்பெயினின் டொலேடோவில் இருந்த ஹுவான் சான்செஸ் கோத்தான் சுமார் 1602இல் வரைந்தது. இப்போது அமெரிக்காவின் சான் டியேகோ கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உயரம் 69 செ.மீ., அகலம் 84.5 செ.மீ. ஒரு கல் மாடம். உள்ளே கன்னங்கரிய இருட்டு. இடப்பக்கம் மேலே ஒரு சீமை மாதுளை (பேரிக்காய் போன்ற மஞ்சள் நிறப் பழம்) நூலில் தொங்குகிறது. சற்றுக் கீழே வலப்பக்கமாக ஒரு முட்டைக்கோஸ் தொங்குகிறது. பிறகு விளிம்பில் அறுத்த முலாம்பழம், ஒரு கீற்று, கடைசியாக விளிம்புக்கு வெளியே மூக்கை நீட்டியபடி ஒரு வெள்ளரிக்காய். ஐந்தும் மேலிருந்து கீழாக ஒரு வளைகோட்டில் இறங்கும். இதை வரைந்த சில காலத்தில் அவர் துறவு மடத்தில் சேர்ந்துவிட்டார். அந்த ஓவியத்தின் அமைதி வேறெந்தக் காய்கறி ஓவியத்திலும் இல்லை.

இதற்கு நம் அடுக்களையின் கடப்பாக் கல் அலமாரியே மாடம். அதன் விளிம்பு ஓவியத்தின் கல் விளிம்பைப் போலவே சாம்பல் நிறம். பின்னால் இரண்டடி ஆழம் இல்லையென்றால் டி.வி. வந்த அட்டைப்பெட்டியைப் படுக்கவைத்து, உள்ளே கறுப்புத் துணி ஒட்டிக்கொள்ளலாம். சீமை மாதுளைக்குப் பதில் மஞ்சள் தட்டிய கொய்யா. முட்டைக்கோஸை வாங்கும்போதே கடைக்காரரிடம் வெளி இலைகளை உரிக்காமல் தரச் சொல்லுங்கள். உரித்த கோஸ் பந்து போல இருக்கும், ஓவியத்தில் இலைகள் விரிந்திருக்கின்றன. ஒரு கிலோ கோஸை இலையில் கட்டினால் கிழிந்து விழும், தண்டில்தான் கட்ட வேண்டும். தண்டை மூன்று விரல் நீளம் விட்டு வாங்குவது நல்லது. பூக்கட்டும் நூல் ஒற்றையாகத் தாங்காது, நான்கு இழையாக முறுக்கிக்கொள்ளுங்கள். நூல் தெரிய வேண்டும், ஓவியத்திலும் தெரிகிறது. மேலே ஒரு துடைப்பக் குச்சி போதாது, திரைச்சீலைக் கம்பி வையுங்கள். கட்டியவுடன் எடுக்காதீர்கள். நூல் முறுக்கு பிரிந்து கோஸ் பத்து நிமிடமாவது சுற்றிக்கொண்டிருக்கும். அது நின்ற பிறகு எந்த முகம் காட்டுகிறதோ அதைப் பார்த்து முடிச்சைத் திருப்பி, மறுபடி நிற்கவிட வேண்டும். பொறுமை இல்லாதவர்கள் இங்கேதான் கைவிடுகிறார்கள். முலாம்பழத்தைக் கடைசியில் அறுங்கள், நேரமானால் நீர் வடிந்து கல்லில் ஓடும், எறும்பும் வரும். வெள்ளரியின் மூன்றில் ஒரு பங்கு விளிம்புக்கு வெளியே இருக்கட்டும். அதன் நிழல் கல்லின் முன்முகத்தில் விழும்போதுதான் படத்துக்கு ஆழம் வரும்.

காய்கனிகளால் முகம் செய்யும் இத்தாலிய ஓவியர் ஆர்ச்சிம்போல்தோவின் ஓவியங்களைப் பிள்ளைகள் விரும்புவார்கள். 1591 வாக்கில் பேரரசர் இரண்டாம் ருடோல்ஃபை அவர் அப்படி வரைந்தது ஸ்வீடனின் ஸ்கோக்ளோஸ்டர் கோட்டையில் இருக்கிறது. நிறுத்திவைத்துச் செய்ய முயன்றால் சரிந்துவிடும். தரையில் கறுப்புத் துணி விரித்துப் படுக்கையாக அடுக்கி, மேலிருந்து எடுக்க வேண்டும். பூசணி, பறங்கி போன்ற பெரியவை முதலில், கண்ணும் மூக்கும் கடைசியில். மூக்குக்கு வைக்கும் பேரிக்காய் உருளாமல் இருக்க, அடியில் எலுமிச்சை அளவு சப்பாத்தி மாவு வையுங்கள். வெளிச்சம் தரையோடு ஒரு பக்கத்திலிருந்து வர வேண்டும், உச்சியிலிருந்து வந்தால் முகம் கோலம் போலத் தட்டையாகிவிடும். கத்திரிக்காயை வெட்டி வைத்தால் சில நிமிடங்களில் கறுத்துவிடும். முழுசாகவே பயன்படுத்துங்கள்.

இனி நம்மவர் ஓவியங்கள். 2020ஆம் ஆண்டு நாள்காட்டிக்காக ரவிவர்மாவின் ஓவியங்களை நடிகைகளைக் கொண்டு சென்னை ஒளிப்படக் கலைஞர் ஜி.வெங்கட்ராம் எடுத்த படங்களைப் பார்த்த பிறகு, வீடுகளிலும் ரவிவர்மா பாணிப் படங்கள் பெருகின. அவற்றோடு கூடவே ஒரு தவறும் பெருகுகிறது. கையில் விளக்கேந்தி, மறு கையால் சுடரை மறைத்து நிற்கும் பெண்ணின் ஓவியத்தை எல்லோரும் ரவிவர்மா வரைந்தது என்றே போடுகிறார்கள். அது ரவிவர்மாவுடையது அல்ல. ரவிவர்மா 1906இல் மறைந்துவிட்டார். இது 1940களின் நடுவில் எஸ்.எல்.ஹல்தங்கர் தம் மகளை நிற்கவைத்து நீர்வண்ணத்தில் வரைந்தது. மைசூரு ஜகன்மோகன் அரண்மனைக் காட்சிக்கூடத்தில் இருக்கிறது. நீர்வண்ணத்தில் ஒருமுறை பூசியதை அழித்துச் சரிசெய்வது மிகக் கடினம். அதில் இத்தனை வெளிச்சத்தைக் கொண்டுவந்தவரின் பெயரை இன்னொருவருக்குக் கொடுப்பது பெரிய அநியாயம்.

இந்த ஓவியத்தை வீட்டில் எடுப்பது கடினம், காரணம் சுடரின் வெளிச்சம் மிகக் குறைவு. ஒற்றைத் திரி விளக்கு ஓரடி தூரத்தில் முகத்துக்குத் தரும் வெளிச்சத்தில், ஐ.எஸ்.ஓ. எனும் ஒளியுணர்வு அளவை 800 வைத்தாலும் செல்போனுக்குச் சுமார் 1/10 விநாடி வேண்டும். அதற்குள் கை ஆடிவிடும். முகம் தெரியும்படி எடுத்தால் சுடர் வெள்ளைக் கட்டியாகிவிடும், சுடர் தெரியும்படி எடுத்தால் முகம் இருண்டுவிடும். ஆகவே முகத்துக்கான வெளிச்சத்தை வேறிடத்திலிருந்து வரவழைக்க வேண்டும். சாவிக்கொத்தில் மாட்டும் சின்ன எல்.இ.டி. டார்ச்சை, சுடரை மறைக்கும் கையின் உள்ளங்கையில், கேமராவுக்குத் தெரியாத பக்கத்தில், டேப்பால் ஒட்டி, முகத்தைப் பார்க்கும்படி வையுங்கள். எல்.இ.டி. நீலம் கலந்த வெள்ளை, சுடர் ஆழ்ந்த மஞ்சள். டார்ச்சின் மேல் மிட்டாய் சுற்றிவரும் ஆரஞ்சு நிறக் கண்ணாடித் தாளை இரண்டு மடிப்பாகவும், அதற்கு மேல் டிஷ்யூ பேப்பர் ஒன்றும் ஒட்டினால் இரண்டும் சேர்ந்துபோகும். வெளிச்சம் விரல்களுக்குப் பின்னால் இருப்பதால் விரல் ஓரங்கள் சிவந்து தெரியும். இரத்தம் மற்ற நிறங்களை விழுங்கிச் சிவப்பை மட்டும் விடுவதால் வரும் சிவப்பு அது. ஓவியத்தின் உயிர் அந்த விரலிடுக்குச் சிவப்பில்தான் இருக்கிறது.

விளக்கு மார்புக்கு நேரே, உடலிலிருந்து ஓரடி முன்னால் இருக்க வேண்டும். மோவாய்க்கு நேர் கீழே வந்தால் கண்குழி கறுத்துப் பேய்ப்படத்து முகமாகிவிடும். திரியை ஒரு நெல்மணி அளவே வெளியே விடுங்கள், சுடர் மொட்டுப் போல நிற்கும். மின்விசிறியை அணைக்க வேண்டும். கேமராவில் ஒயிட் பேலன்ஸ் எனும் நிறச் சமன் 'ஆட்டோ'வில் இருந்தால் அது மஞ்சளைக் குறையாக எண்ணி வெளுத்துவிடும். 'பகல் வெளிச்சம்' என்ற இடத்தில் நிறுத்திவைத்தால்தான் விளக்கொளி விளக்கொளியாக வரும்.

இதில் ஆபத்தும் உண்டு. நைலான், ஜார்ஜெட், பாலியஸ்டர் புடவை கட்டிச் சுடரைக் கையில் பிடிக்கவே கூடாது. பருத்தி மட்டும் கட்டுங்கள், முந்தானையைச் செருகி ஊக்குப் போடுங்கள், கூந்தலை முன்னால் விடாதீர்கள், எண்ணெயைப் பாதிக்கு மேல் ஊற்றாதீர்கள். நனைத்த சாக்கோ துண்டோ பக்கத்தில் தயாராக இருக்க, இன்னொரு பெரியவர் அருகில் நிற்க வேண்டும். பிள்ளைகள் செய்வதானால் விளக்கை ஏற்றவே வேண்டாம். ஏற்றாத விளக்கும் உள்ளங்கை டார்ச்சும் போதும், சுடர் இருக்கும் இடத்தைக் கையே மறைத்துவிடும்.

தங்களைப் போன்ற பத்திரிகைகளுக்குச் சில வேண்டுகோள்கள். இத்தகைய படங்களை வெளியிடும்போது மூல ஓவியத்தை அதே அளவில் பக்கத்தில் போடுங்கள். ஓவியர் பெயர், ஆண்டு, இப்போது இருக்கும் இடம் மூன்றையும் சரிபார்த்துப் படக்குறிப்பில் கொடுங்கள். விளக்கேந்திய பெண்ணுக்குக் கீழே ஹல்தங்கர் என்று ஒருமுறை அச்சாகிவிட்டால், அதைப் பார்க்கும் ஆயிரம் பிள்ளைகள் சரியாகவே கற்றுக்கொள்வார்கள்.

இப்போது ஒரு வரி தட்டினால் கணினியே இத்தகைய படங்களை உண்டாக்கித் தருகிறது. அவற்றை வாசகர் படங்களோடு சேர்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். கோஸ் சுற்றி நிற்கும்வரை காத்திருந்த பிள்ளைக்கும் ஒரு வரி தட்டியவருக்கும் ஒரே பரிசு போவது நியாயமில்லை. பிரித்தறிய எளிய வழி ஒன்று இருக்கிறது. படத்தோடு, எடுத்த இடத்தைச் சற்றுத் தள்ளி நின்று எடுத்த இன்னொரு படத்தையும் அனுப்பச் சொல்லுங்கள். ஜன்னலில் கட்டிய வேட்டி, சுவரில் போட்ட போர்வை, தலைத்துணிக்குள் செருகிய ஸ்பூன் எல்லாம் அதில் தெரியட்டும். இரண்டையும் சேர்த்து வெளியிட்டால் மற்ற வாசகர்களுக்கு அதுவே பாடமாகிவிடும்.

அச்சில் ஒரு சிக்கல் உண்டு. செய்தித்தாள் மையை உறிஞ்சுவதால் புள்ளிகள் பரந்து, இருண்ட படங்கள் இன்னும் இருண்டுவிடும். வெர்மியர் பாணிப் படமும் விளக்கொளிப் படமும் அப்படியே அச்சுக்குப் போனால் கன்னத்து நிழலும் கூந்தலும் பின்துணியும் ஒரே கறுப்பாகிவிடும். தங்கள் பக்க வடிவமைப்பாளர்கள் கறுப்பையும் வெள்ளையையும் தொடாமல், நடுச்சாயல்களை மட்டும் சற்று ஏற்றி அனுப்பினால் நிழலுக்குள் இருக்கும் காது மடலும் விரலிடுக்குச் சிவப்பும் தாளில் தப்பிக்கும். வழவழத் தாளில் வரும் வார இணைப்பில் இடம் ஒதுக்க முடிந்தால் அது இன்னும் நல்லது.

இப்படிக்கு,
ஒளிப்படப் பயிற்றுநர்கள் இருவர்,
மதுரை.